நீச்சல் தொட்டிக்குத் தீட்டு கழித்த நாள்

எங்கள் வீட்டில் துணி அலசும் தொட்டிக்குள் யாராவது காலிக் குண்டானை மிதக்க விட்டால் எனக்குப் பொறுக்காது. ஓடிப்போய் அதை அமுக்கி, தண்ணீர் நிரப்பி, அடியில் உட்கார வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அன்றைக்கு அவர் செவிலிமேட்டில் இல்லை. தாலுகா ஆபீசில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். நீச்சல் தொட்டிக்குள் இருந்தவள் அவருக்கும்தான் மகள். ஆனால் கரையில் நின்று பார்த்தவள் நான்.

மகள் சிவில் டிப்ளமோ படித்தவள். பெண்பிள்ளைக்கு எதற்குச் சிமெண்டும் செங்கல்லும், டைப்ரைட்டிங் போதாதா என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து கேட்டேன். அவள் காதில் வாங்கவில்லை. படித்து முடித்ததும் மெட்ராஸில் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை கிடைத்தது. வெற்றிலை மென்றுகொண்டே பேசும் பெரிய உடம்புக்காரர். உலகத்தில் அவருக்கு ஒரே எதிரி ஒழுக்கு. தண்ணீர்த் தொட்டி கட்டுவதுதான் அவர் தொழில். பூமிக்குள் கட்டுவார், பூமிக்கு மேலேயும் கட்டுவார்.

அவளுக்கு அவர் கொடுத்த முதல் வேலை எங்கள் ஊரிலேயே வந்து வாய்த்தது. ஊர் ஓரத்துச் செவிலிமேட்டில் புது வீடு கட்டிக்கொண்ட ஒரு பட்டு ஜவுளி முதலாளி, பம்பாய்க்குச் சரக்கு கொண்டுபோன இடத்தில் ஓட்டலில் நீச்சல் குளம் பார்த்துவிட்டு வந்திருந்தார். இடுப்பு வலிக்கு நீந்துவது நல்லது என்று டாக்டர் சொன்னதும் சேர்ந்துகொண்டது. தெருவுக்குத் தெரு குளம் இருக்கிற ஊரில் இவருக்குத் தனியாக ஒரு குளமா என்று ஊர் கேட்டது. கோயில் குளத்தில் ஊர் பார்க்க இடுப்பை ஆட்டிக்கொண்டிருக்க முடியாதே என்பது அவர் நியாயம். அவருக்கு நீச்சல் தெரியாது என்பதைத் தொட்டி கட்டி முடியும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

வேலை தொடங்கின அன்று கான்ட்ராக்டர் என் எதிரிலேயே மகளிடம் சொன்னார்: "இந்தாம்மா, இந்தத் தொட்டி உன் பொறுப்பு. ஒரு சொட்டு ஒழுகுச்சு, மெட்ராஸ் ஆபீசுல டைப்ரைட்டர் முன்னாடி உக்காந்துடணும். ஒழுகலன்னா, ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஃபேக்டரிக்கு மேல்தொட்டி கட்டப் போறேன். தென்னமரத்தைவிட ஒசரம். அது உன்னுது."

மகளின் முகம் பளிச்சென்றது. நான் இரண்டு பக்கமும் கணக்குப் போட்டேன். ஒழுகினால் அழுவாள், ஒழுகாவிட்டால் தென்னைமரத்துக்கு மேலே ஏறுவாள். எந்தச் சாமியிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல், எதையும் குறிப்பிடாமல், பொதுவாக அவள் நன்றாக இருக்கவேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். சாமிக்கும் சுலபம், எனக்கும் சுலபம்.

மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் தினமும் டவுன் பஸ் ஏறி செவிலிமேட்டுக்குப் போய்விடுவேன். கேரியரை மடியில் வைத்துக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, மணல் குவியல்மேல் உட்கார்ந்திருப்பேன். ஆம்பளைகளுக்கு நடுவில் தனியாக நிற்கிறாளே, காலில் ஆணி குத்திவிடுமே, வெயில் தலையில் இறங்குமே. வேலைக்காரர்கள் எனக்கு 'சூப்பரவைசரம்மா' என்று பெயர் வைத்தார்கள்.

"சூப்பரவைசரம்மா வந்துட்டாங்கபா, கலவையில தண்ணி கொறைங்க!" என்பார் மேஸ்திரி.

"இன்னாமா குழம்பு இன்னிக்கி? அதைச் சொல்லிட்டு மேல்பார்வை பாரும்மா" என்பாள் ஒரு சித்தாள்.

உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கும் தொட்டி கட்டுகிற வித்தை கொஞ்சம் வந்துவிட்டது. பாலாறு பக்கத்தில் இருப்பதால் அங்கே ஆள் உயரம் தோண்டினால் தண்ணீர் ஊறும். ஆயில் இன்ஜின் வைத்து இறைத்துக்கொண்டே தோண்டினார்கள். அடியில் உடைத்த கருங்கல் ஜல்லி பரப்பி, மெலிசாக ஒரு கான்கிரீட் போட்டு, அதன்மேல் கம்பி கட்டினார்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி வைத்து ஒவ்வொரு கூடும் இடத்திலும் கட்டுக்கம்பியால் முறுக்குவது. பார்த்தால் தறியில் பாவும் ஊடையும் ஓட்டின மாதிரியே இருக்கும். முதலாளி இறங்கிவந்து, புடவையில் ஜரிகை நெருக்கத்தைப் பார்ப்பதுபோலக் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் கட்டைவிரலை விட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, தரை வேற, செவுரு வேற. ரெண்டும் எங்க சேருது? எங்க தொழில்ல பார்டரையும் ஒடம்பையும் கோர்வை போட்டுப் புடிப்போம். இங்க கோர்வை எங்க?"

"அதான் சார் முக்கியமான எடம்" என்றாள் மகள். தரையிலிருந்து வரும் கம்பியை முறிக்காமல் வளைத்துச் சுவருக்குள் ஏற்றியிருந்ததைக் காட்டினாள். "தரையையும் செவுத்துல ஒரு அடியையும் ஒரே மூச்சுல கான்கிரீட் போட்டுடுவோம். நடுவுல நிறுத்தினா அந்த ஒட்டுல ஒழுகும்."

முதலாளி தலையாட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் மனைவிக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். என் மகளை அந்த அம்மா 'அம்மாயி', அதாவது பொண்ணு, என்றுதான் கூப்பிடுவார். நல்ல மனுஷி. கையில் துடைப்பம் இல்லாவிட்டாலும் துடைப்பம் பிடித்த மாதிரியே நிற்பார். வடகிழக்கில் பழைய கிணறு இருந்ததால் தொட்டியின் ஆழமான பக்கத்தைத் தென்மேற்கில் வைத்திருந்தார்கள். அதுதான் அவர் கவலை.

"கன்னி மூலையில பள்ளம் தோண்டறீங்களே அம்மாயி, அது மேடா இருக்கணும். இப்படிப் பள்ளமா வெச்சா குடும்பம் வெளங்குமா?"

"அது வீட்டுக்குத்தான்மா. தொட்டிக்கு இல்ல" என்று மகள் ஒரு போடு போட்டாள். எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று நான் கேட்டதற்கு, "இப்போ நான் எழுதினது" என்றாள்.

அந்த ஆழமான மூலையின் தரையில் அவள் ஒரு குழாய் வைத்தாள். கீழே ஜல்லிக்குழி, அதிலிருந்து மேலே வரும் குழாய்க்குத் திருகு மூடி. வேலைக்காரர்கள் அதைத் 'தொப்புள்' என்றார்கள். இது எதற்கு என்று முதலாளியம்மா கேட்டபோது மகள் நிதானமாகச் சொன்னாள்: "மழைக்காலத்துல கீழ தண்ணி ஏறிடும்மா. தொட்டி நெறைஞ்சிருந்தா கனமா அப்படியே உக்காந்திருக்கும். காலியா இருந்தா கீழ இருக்கிற தண்ணி அதை மேல தூக்கிடும். அதனால கெணத்துல தண்ணி மேல இருக்கும்போது தொட்டியைக் காலி பண்ணவே கூடாது. அப்படியே பண்ணினாலும் இந்த மூடியைத் தொறந்துடணும். கீழ்த்தண்ணி உள்ள வந்துடும், தொட்டி ஆடாது."

"சிமெண்டு மெதக்குமா?"

"மெதக்கும்மா."

முதலாளியம்மா என்னைப் பார்த்தார். நல்ல பெண், கல்யாணம் ஆகாத குறைதான் என்பது அந்தப் பார்வையின் பொருள். எனக்கு ரோஷம் வந்தது. வாளியில் தண்ணீர் எடுத்து ஒரு பித்தளைக் கிண்ணத்தை மிதக்க விட்டுக் காட்டினேன். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அது அமிழ்வதையும் காட்டினேன்.

"அது பித்தளை" என்றார் முதலாளியம்மா. "பித்தளை மெதக்கும். அதைத்தான் நான் தெனமும் பாக்கறேனே."

தொட்டி முடிந்தது. வெள்ளைப் பளபளப்பு ஓடு பதித்து, சுற்றிலும் நடக்கத் தளம் போட்டு, தண்ணீர் நிரப்பினார்கள். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆழமில்லாத பக்கத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். நின்றார், அவ்வளவுதான். அதற்குப் பெயர் நீச்சல் என்று வீட்டில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் காலையில் எழுந்ததும் அவர் பார்க்கிற முதல் வேலை தண்ணீர் மட்டம்.

"ஏம்மா, ஒரு நூல் எறங்கியிருக்குது. ஒழுகுதும்மா."

"வெயில்ல ஆவியா போவுது சார்" என்று மகள் ஒரு வாளியில் அதே தண்ணீரை நிரப்பித் தொட்டிப் படியில் வைத்துக் காட்டினாள். வாளியிலும் அதே அளவு இறங்கியிருந்தது.

"அப்போ வாளியும் ஒழுகுதோ என்னவோ" என்றார் முதலாளி. வியாபாரி. இந்தச் சந்தேகத்தை அவர் மெட்ராஸ் வரைக்கும் கொண்டுபோனார். கான்ட்ராக்டரும் தீர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டார்: ஒரு மழைக்காலம் போகட்டும், ஒழுகுதா இல்லையா என்று அப்புறம் சொல்கிறேன். அதுவரை மகளும் மேஸ்திரியும் இரண்டு சித்தாள்களும் அங்கேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். என் மகள் அந்த ஐப்பசி முழுக்கத் தூக்கத்தில்கூடத் தண்ணீர் மட்டம் பார்த்தாள்.

அந்த வருஷம் கார்த்திகைப் பௌர்ணமியில் சந்திர கிரகணம் வந்தது.

கிரகணம் என்றால் எங்கள் பக்கத்தில் வீட்டில் பிடித்துவைத்த தண்ணீரில் ஒரு தர்ப்பைப்புல் போட்டுவைப்பார்கள். போடாத தண்ணீரைக் கொட்டிவிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, புதுத் தண்ணீர் பிடிப்பார்கள். எல்லாரும் செய்வதுதான். நானும் செய்கிறேன். குடத்துக்குச் செய்யலாம், அண்டாவுக்குச் செய்யலாம். நீச்சல் தொட்டிக்கு?

முதலாளியம்மாவுக்குச் சந்தேகம் வந்து கிரகணத்துக்கு முன்பே புரோகிதரைக் கேட்டார். புரோகிதர் விவகாரம் இல்லாத மனிதர். "தர்ப்பையைப் போட்டுடுங்கோ, தீந்தது" என்று ஒரு பிடி கொடுத்தனுப்பினார். அது மூலைக்குப் போய்விடாமல் இருக்க மேஸ்திரி ஒரு தென்னை மட்டையில் கட்டி நடுவில் மிதக்கவிட்டார். அவ்வளவு பெரிய தண்ணீரில் அது ஒரு எறும்பின் ஓடம் மாதிரி இருந்தது. மகள் பெருமூச்சு விட்டாள். நானும் விட்டேன்.

கிரகணம் நடந்த ராத்திரி மழை கொட்டியது. தொட்டி வழிந்தது. மறுநாள் நான் கேரியரோடு போய் இறங்கியபோது மட்டை தென்னந்தோப்பில் கிடந்தது. முதலாளி வீட்டுக் கன்றுக்குட்டி கடைசித் தர்ப்பையை மென்றுகொண்டிருந்தது.

முதலாளியம்மா கரையில் நின்றிருந்தார். இந்தத் தடவை கையில் நிஜமாகவே துடைப்பம்.

"தர்ப்பை கிரகணம் விட்டப்புறம் போச்சா, புடிச்சிருக்கும்போதே போச்சா? யாரு பாத்தது? கன்னுக்குட்டியையா கேக்க முடியும்? கொட்டிடுங்க."

"அம்மா, கெணத்தைப் பாருங்க" என்றாள் மகள். கிணற்றில் தண்ணீர் கையால் மொள்ளும் உயரத்தில் நின்றது. "இப்போ கொட்டக் கூடாதும்மா. கையெடுத்துக் கும்புடறேன்."

"சாமியையே கேட்டுடுவோம்" என்று புரோகிதரை வரவழைத்தார்கள். அவர் தொட்டியை ஒரு சுற்று சுற்றிவந்தார். முதலாளி ஓரமாக நின்று, "இது வீட்டு விஷயம், நான் தலையிடறதில்ல" என்றார். தலையிடாமல் அவர் இருப்பதற்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

புரோகிதர் என் மகளைக் கேட்டார். "குழந்தே, பூமியோட சேர்ந்ததுக்குத் தோஷம் கெடையாது. நதி, கெணறு, குளம், எதுக்கும் இல்லே. பாத்திரத்துக்குத்தான் உண்டு. இது குளமா, பாத்திரமா? நீயே சொல்லு. அடியிலே மண்ணு தெரியறதா?"

"இல்ல சாமி. ஓடு பதிச்சிருக்குது."

"ஓட்டுக்குக் கீழே?"

"கான்கிரீட்டு."

"பூமியோட ஊத்து உள்ளே வருமோ?"

இந்த இடத்தில் நான் அவள் முதுகில் கிள்ளினேன். வரும் என்று சொல்லித் தொலையேன். ஆனால் முதலாளி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஒழுகுகிறது என்று மாதக்கணக்கில் சொன்ன மனிதர். ஊற்று உள்ளே வரும் என்றால் தண்ணீர் வெளியேயும் போகும். என் மகள் நெஞ்சை நிமிர்த்தினாள்.

"ஒரு சொட்டு உள்ள வராது சாமி, ஒரு சொட்டு வெளிய போவாது. பூமிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்போ பாத்திரம்தான்" என்றார் புரோகிதர். "கொட்டி, அலம்பிடுங்கோ." சொல்லிவிட்டு, அடுத்த வீட்டில் புண்ணியாகவாசனம் என்று கிளம்பிவிட்டார்.

ஆயில் இன்ஜின் வந்தது. தோப்புக்குள் தண்ணீர் பாய ஆரம்பித்தது. மகள் ஒரு நிபந்தனைக்கு மட்டும் எல்லாரையும் ஒப்புக்கொள்ள வைத்தாள்: தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கியதும் தொப்புளைத் திறந்துவிட வேண்டும். அவளே இறங்கித் திறந்தாள். அடியிலிருந்து தெளிந்த தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. இன்ஜின் இறைக்க, இது ஊற, தொட்டியில் கணுக்கால் தண்ணீர் அப்படியே நின்றது.

"இன்னா இது, எறைக்க எறைக்க வருது?" என்றார் முதலாளியம்மா.

"இது பூமித்தண்ணிமா" என்று நான் குறுக்கே புகுந்தேன். "கிரகணத் தண்ணி போயே போச்சு. ஊத்துத் தண்ணிக்குத் தோஷம் இல்லேன்னு சாமியே சொன்னாரே? இதாலயே அலம்பிக்கினா போச்சு."

"சரிம்மா, அலம்பலாம். அப்புறம் தொடைக்க வேணாமா? கவுக்க வேணாமா? பாத்திரத்தை எங்கனா ஈரத்தோட வெப்பாங்களா? இதைக் கவுக்க முடியாது, தொடைக்கவாவது தொடைக்கணும் இல்ல?"

என் வீட்டிலும் கவிழ்த்துத்தான் வைப்பேன்.

இனி நமக்கு அடங்காது, கான்ட்ராக்டர் சொன்னால் முதலாளி கேட்பார் என்று மகள் வீட்டுக்குள் ஓடி மெட்ராஸுக்கு டிரங்க் கால் பதிவு செய்தாள். போன் பக்கத்திலேயே காத்திருந்தாள். நான் கரையில் காவல். அந்தக் காவல் எவ்வளவு லட்சணம் என்று கேளுங்கள். முதலாளியம்மா மேஸ்திரியைக் கூப்பிட்டு, "அந்த மூடியை மூடுபா, தொடைக்கட்டும்" என்றார். மேஸ்திரி தயங்கினார். நான் வேண்டாம் வேண்டாம் என்றேன். "இன்னாமா, துணி தொவைக்கறவரைக்கும் கொழாயை மூடற மாதிரிதானே? தொடைச்சதும் தொறந்துக்குங்க" என்றார் முதலாளியம்மா. மேஸ்திரிக்கு அது நியாயமாகப் பட்டது. இறங்கி மூடினார். மிச்சத் தண்ணீரையும் இன்ஜின் இறைத்துவிட்டது. இரண்டு சித்தாள்கள் பழந்துணியோடு இறங்கித் துடைக்க ஆரம்பித்தார்கள்.

நான் வீட்டுக்குள் ஓடினேன். சரியாக அப்போதுதான் லைன் கிடைத்திருந்தது. மகள் "சார், சார், கேக்குதா?" என்று கத்திக்கொண்டிருந்தாள். நான் அவள் தோளுக்கு மேலே அதைவிடப் பலமாகக் கத்தினேன்:

"தொப்புளை மூடிட்டாங்கடி!"

போனுக்குள்ளிருந்து கான்ட்ராக்டரின் குரல் எனக்கே கேட்டது. "யாரு தொப்புளைமா? யாரு பேசறது?"

மகள் போனைப் போட்டுவிட்டு ஓடினாள். நான் பின்னால்.

நாங்கள் வெளியே வரும்போது முதலில் கேட்டது சத்தம்தான். அப்பளம் நொறுங்குகிற மாதிரி. சுற்றிலும் போட்டிருந்த தளம் தொட்டி ஓரமாகப் பிளந்துகொண்டு வந்தது. பிறகு பார்த்தேன். தொட்டியின் தென்மேற்கு மூலை தளத்துக்கு மேலே வந்திருந்தது. வந்துகொண்டும் இருந்தது. எண்ணெயில் போட்ட வடை மேலே வருமே, அந்த மாதிரி மெதுவாக, அவசரமே இல்லாமல். இவ்வளவு கம்பி, இவ்வளவு ஜல்லி, இவ்வளவு சிமெண்டு, எல்லாம் சேர்ந்து ஒரு கிண்ணம். பித்தளைகூட இல்லை.

"சாயுதும்மா! சாயுது!" என்று உள்ளே இருந்த சித்தாள்கள் அலறினார்கள். ஈர ஓட்டில் ஒருத்தி உட்கார்ந்தபடியே சறுக்கிப் போனாள்.

என் மகள் அவர்களை மேலே ஏறச் சொல்லிக் கத்திக்கொண்டே கீழே இறங்கினாள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. எல்லாரும் மேலே வர, அவள் மட்டும் கீழே போகிறாள். கையில் குழாய் திருகும் ரெஞ்சு. தூக்கிக்கொண்டு வருகிற அந்த மூலைக்கே போகிறாள். நான் கூப்பிட வாயைத் திறந்தேன். என்ன கூப்பிட்டேன் என்று எனக்குத் தெரியாது. அங்கே இருந்த அத்தனை பேரும் பிற்பாடு சத்தியம் செய்து சொன்னது இது:

"அடியே, சோறு ஆறிப்போவுதுடி! மேல வாடி!"

அவள் வரவில்லை. மூடியோடு மல்லுக்கட்டினாள். ஒரு திருகு, இரண்டு திருகு. மூடி பறந்தது. அவள் தலைக்கு மேலே தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கோயில் திருவிழாவில்கூட அப்படி ஒரு வாணம் நான் பார்த்ததில்லை. தண்ணீர்த் திரைக்குள் என் பிள்ளை எங்கே என்று தெரியவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.

பிறகு திரைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது: "இன்ஜினைத் திருப்பி விடுங்கபா! கெணத்துத் தண்ணியை உள்ள எறைங்க!"

உள்ளே தண்ணீர் ஏற ஏறத் தொட்டி நின்றது. முனகிக்கொண்டு கொஞ்சம் இறங்கவும் இறங்கியது. ஆனால் அடியில் மணல் சரிந்து புகுந்திருக்க வேண்டும், முழுசாக இறங்கவில்லை. தென்மேற்கு மூலை ஒரு ஜாண் உயரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. மகள் ஏணி ஏறி வந்தாள். தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட என் எதிரில் நின்று, "இன்னா குழம்பும்மா?" என்றாள். நான் அவளை ஒரு அறை அறைந்து, கட்டிக்கொண்டு, கேரியரைத் திறந்தேன். எந்த வரிசையில் என்று நினைவில்லை.

செவிலிமேடு பூராவும் வேலிக்கு வெளியே வந்து நின்றது. நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை குளத்துக்குள்ளிருந்து பெருமாளை வெளியே எழுந்தருளப் பண்ணிக் கும்பிடுகிற ஊர் எங்களுடையது. குளமே எழுந்தருளினதை யாரும் பார்த்ததில்லை. ஒரு அம்மாள் கற்பூரம் வாங்க ஆளை அனுப்பியதாகக் கேள்வி.

முதலாளியம்மா மட்டும் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. நான்தான் பாவமாக இருக்கிறதே என்று பக்கத்தில் போனேன்.

"கவுக்க முடியாதுன்னேன். அதுவே கவுந்துக்கப் பாத்துச்சே" என்றார் மெதுவாக. பிறகு அந்த மூலையையே பார்த்தார். அவர் கண் விரிந்தது. "அம்மாயி, அது கன்னி மூலை இல்ல?"

ஆமாம் என்றாள் மகள், வாயில் சோற்றோடு.

"மேடாயிடுச்சு!"

புரோகிதரைத் திரும்பவும் வரவழைத்தார்கள். அவரும் பார்த்தார். தென்மேற்கு உயர்ந்து வடகிழக்கு தாழ்ந்திருப்பது சர்வ மங்களம் என்றார். மனுஷர் கட்டினதில் குறை இருந்தது, பூமாதேவியே திருத்திக்கொண்டாள் என்றார். அதற்குமேல் முதலாளியம்மாவுக்குக் கோபிக்க எதுவும் இல்லை. முதலாளிக்கு இருந்தது. உடைந்த தளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, "பொம்பளைப் புள்ளை கையில குடுத்தேன் பாரு" என்று எனக்குக் கேட்கிற மாதிரியே சொல்லிக்கொண்டிருந்தார். என் மகள் காதிலும் விழுந்தது. அவள் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். இத்தனை நேரம் கலங்காத கண் அப்போது கலங்கியது. டைப்ரைட்டர் சத்தம் எனக்கே கேட்கிற மாதிரி இருந்தது.

வெயில் சாய்கிற நேரத்தில் கான்ட்ராக்டரின் கார் வந்து நின்றது. தொப்புள் விஷயம் என்ன என்று தெரிந்துகொள்ளப் பாதி வேலையில் கிளம்பி வந்திருந்தார். இறங்கினதும் யாரிடமும் பேசவில்லை. உயர்ந்து நின்ற மூலைக்குப் போனார். வெளிப்பக்கச் சுவர் மண்ணுக்கு மேலே ஒரு ஜாண் தெரிந்தது. சுத்தியால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். குனிந்து ஓரமெல்லாம் விரல் வைத்துத் தடவிக்கொண்டே போனார். மகள் பின்னாலேயே போனாள். நான் மகளுக்குப் பின்னால். ஒரு சுற்று முடிந்ததும் அவர் நிமிர்ந்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு, சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஒரு விரிசல் இல்லையேய்யா! அலுங்காம குலுங்காம முழுத் தொட்டியும் எழுந்து வந்திருக்குது!" முதலாளியின் தோளில் கையைப் போட்டார். "ஒழுகுது ஒழுகுதுன்னு எனக்கு எத்தனை போன் போட்டீங்க? ஒழுகற தொட்டி எங்கயாவது மெதக்குமா? ஓட்டைப் படகு மெதந்து பாத்திருக்கீங்களா?"

முதலாளி யோசித்தார். கட்டைவிரலை எடுத்துப் பிளவுக்குள் விட்டுப் பார்த்தார், பழக்கதோஷம். "அப்போ ஒழுகலையா?" என்றார்.

"ஒழுகியிருந்தா இன்னிக்கி இது எடத்தைவிட்டே அசைஞ்சிருக்காது" என்றார் கான்ட்ராக்டர். பிறகு மகளைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "தளத்தை ஒடைச்சுப் போடு, அடியில ஜல்லியைக் குத்து, லெவல் பண்ண முடியுமா பாரு. முடிச்சுட்டு ராணிப்பேட்டைக்கு வா."

லெவல் பண்ண முதலாளியம்மா விடவில்லை. பூமாதேவி திருத்தினதை மனுஷர் தொடக்கூடாது. புதுத் தளம் மட்டும் போட்டார்கள். தொட்டி இன்றும் சாய்ந்தபடிதான் இருக்கிறது. தண்ணீர் மட்டமாகத்தானே நிற்கும். ஒரு பக்கம் விளிம்பைத் தொடும், எதிர்ப்பக்கம் ஒரு ஜாண் கீழே இருக்கும். பார்க்கிறவர்களுக்குத் தண்ணீர்தான் சாய்ந்திருப்பதாகத் தோன்றும். விருந்தாளிகளுக்குத் தலை சுற்றுகிறது. முதலாளி அதன் நடுவில் இடுப்பளவில் நின்று, இது வாஸ்துப்படி கட்டினது என்று விளக்கம் சொல்கிறார்.

நான் இரண்டு பஸ் மாறி ராணிப்பேட்டைப் பக்கம் முதல் தடவை போனது அடுத்த சித்திரையில். அந்தத் தொழிற்சாலைக்குள் கான்கிரீட் தூண்கள் வட்டமாக எழுந்து, நடுநடுவே வளையம் போட்டுக் கட்டி, உச்சியில் சவுக்குக் கட்டைச் சாரத்துக்குள் பெரிய கிண்ணம் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. காக்கை பறக்கிற உயரம். அங்கே புள்ளியாக ஒரு மஞ்சள் புடவை. கீழே மணல் குவியல் கிடந்தும் உட்காராமல் கேரியரோடு நின்றேன்.

பக்கத்தில் நின்ற கொத்தனாரிடம், "ஏம்பா, இது மெதக்காது இல்ல?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்துபோனார்.

மஞ்சள் புடவை சாரத்தின் ஓரத்துக்கு வந்து குனிந்தது. ஓரத்துக்கு வராதே என்று குடையை ஆட்டினேன். அத்தனை வேலைக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி மேலிருந்து அவள் குரல் வந்தது:

"சூப்பரவைசரம்மா! சோறு ஆறிப்போவுதும்மா! மேல வாம்மா!"

சாரம் முழுக்கச் சிரிப்பு. அங்கே யாருக்கும் அந்தக் கதை தெரியாமல் இருக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. நான் ஏணியின் முதல் படியில் கையை வைத்துப் பார்த்தேன். எடுத்துவிட்டேன்.

"கயிறு விடுடி" என்றேன்.

கயிறு வந்தது. கேரியரை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டி அனுப்பினேன். அது ஆடி ஆடி மேலே போய்ச் சேருகிறவரை நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.